விட்ட நாவலுக்குத் திரும்பும் வழி

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 41. ஒரு நெசவுக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை வைத்து நாவல் எழுதத் தொடங்கினேன். ஆந்தனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தினமும் விடியற்காலை 5.30 மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார் என்று படித்தேன். நானும் 5 மணிக்கு எழுந்து நாளுக்கு 1,000 சொற்கள் என்று வைத்துக்கொண்டேன். 22,000 சொற்கள் வரை வந்தது. நடுவில் மகனின் தேர்வு, வீட்டில் ஒரு கல்யாணம் என்று இரண்டு வாரம் விட்டுப்போனது. அதிலிருந்து கோப்பைத் திறந்தாலே முதல் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான்கு மாதமாக இதே கதை. எனக்கு ஒழுக்கம் போதவில்லையா? இரவில் எழுதிப் பார்க்கலாமா? கையால் எழுதுவது நல்லதா, கணினியா? தோழிகள் அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்கிறார்கள், அனுப்பலாமா?

பதில்: வணக்கம். வேலைக்கும் போய்க்கொண்டு 22,000 சொற்கள் எழுதியவரிடம் ஒழுக்கம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அச்சில் அது 100 பக்கம். உங்கள் சிக்கல் வேறு. சிறுகதையை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். நாவலை அப்படி எழுத முடியாது. நூறு, இருநூறு தடவை அதைவிட்டு எழுந்து போக வேண்டும், அத்தனை தடவையும் திரும்பி உள்ளே வர வேண்டும். தினசரி வழக்கம் இருப்பது இந்தத் திரும்பி வருதலுக்காகத்தான். நீங்கள் எழுந்திருக்கும் நேரத்தை ஒழுங்கு செய்தீர்கள், திரும்பி வரும் வழியை ஒழுங்கு செய்யவில்லை. நாள் தவறாமல் எழுதியவரை அது தெரியவில்லை, இரண்டு வாரம் விட்டதும் தெரிந்துவிட்டது.

டிரோலப்பையே எடுத்துக்கொள்வோம். 1834இல் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867இல் ராஜினாமா செய்யும்வரை அவர் அந்தத் துறையில்தான் இருந்தார். சேனல் தீவுகளில் 1852இல் தெருவோரத் தபால் பெட்டிகள் வந்தது அவருடைய யோசனையால். மொத்தம் 47 நாவல்கள் எழுதினார். அதில் ஏறத்தாழப் பாதி வேலையில் இருந்துகொண்டே எழுதியது. அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1883இல், வெளியான தன்வரலாற்றில்தான் கால் மணிக் கணக்கு வருகிறது. எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

உட்கார்ந்தவுடன் அவர் எழுதுவதில்லை. முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். சொற்கள் எப்படி ஒலிக்கின்றன என்று காதால் எடைபோடுவதற்கான வாசிப்பு அது. தினமும் எழுத உட்காரும் மூன்று மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கை இதற்கே கொடுத்தார். அடுத்தது நாட்குறிப்பு. ஒரு நாவலைத் தொடங்கும்போதே வாரங்களாகப் பிரித்த ஒரு குறிப்பேட்டைப் போட்டுக்கொண்டு, அன்றன்று முடித்த பக்கங்களை எழுதி வைப்பார். சும்மா இருந்த நாளும் அதில் பதிவாகும். அந்த வெற்று நாள் தன் முகத்தைப் பார்த்து முறைக்கும் என்கிறார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். ஆனால் ஆபீஸ் வேலை எவ்வளவு, புத்தகம் எவ்வளவு அவசரம் என்று பார்த்துத்தான் அளவை வைத்தார். 20ஆகக் குறைத்ததும் உண்டு, 112 வரை ஏற்றியதும் உண்டு. அதாவது, கல்யாண வாரத்துக்கும் சாதாரண வாரத்துக்கும் ஒரே கணக்கு என்று அவர் வைக்கவில்லை. நீங்கள் வைத்தீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வால்தம் கிராஸில் இருந்தபோது, அதிகாலையில் அவரை எழுப்பிக் காபி கொடுப்பதற்காக ஒரு வயதான பணியாளருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அந்த மனிதர் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லையாம். உங்கள் வீட்டில் 5 மணிக்குக் காபி போடுவது யார்? பால் காய்ச்சுவது முதல் டிபன் பாக்ஸ் மூடுவது வரை நீங்கள்தான் என்றால், எழுதும் நேரத்தில் பாதி மனசு அடுப்பில்தான் இருக்கும். 5.00 முதல் 6.15 வரை சமையலறை வேறு ஒருவர் பொறுப்பு என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். இது நடக்காமல் மற்றது எதுவும் நடக்காது.

இனி எண்ணிக்கை. ஆங்கிலச் சொற்கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே பத்தி தமிழில் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். 250 ஆங்கிலச் சொற்களுக்குத் தோராயமாக 170, 180 தமிழ்ச் சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1,000 என்று நீங்கள் போட்டது ஆங்கிலக் கணக்கில் 1,400ஐத் தாண்டும். மூன்று மணி நேரமும் காபிக்கு ஆளும் இருந்தவர் ஒரு நாளில் எழுதியதில் பாதிக்கு மேல், ஒன்றேகால் மணி நேரத்தில். மூன்று நான்கு வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது.

300ஆகக் குறைத்துவிடுங்கள். வாரத்தில் ஐந்து நாள். டெமி அளவில் (நாவல்கள் வழக்கமாக அச்சாகும் புத்தக அளவு) 250 பக்க நாவல் என்பது ஏறத்தாழ 55,000 சொற்கள். உங்களுக்கு மிச்சம் 33,000. வாரத்துக்கு 1,500 என்றால் 22 வாரம். பண்டிகை, காய்ச்சல், விருந்தாளி எல்லாம் சேர்த்து ஏழு மாதம். நான்கு மாதமாக முதல் அத்தியாயத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது நீண்ட காலமே அல்ல. 300 குறைவு என்று தோன்றினால், அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே தன் தினசரிக் கணக்கை அட்டைப்பெட்டியின் பக்க அட்டையில் குறித்துச் சுவரில் வைத்திருந்ததைப் பாருங்கள். 1958இல் வெளியான பேட்டி ஒன்றில் அந்த எண்கள் இருக்கின்றன: 450, 575, 462, 1,250, மறுபடி 512. கூடுதலாக எழுதிய நாள் எதற்கு என்றால், மறுநாள் குற்ற உணர்வில்லாமல் மீன் பிடிக்கப் போவதற்கு. வேறு வேலை இல்லாத முழுநேர எழுத்தாளரின் கணக்கு இது.

300ஐ எட்டியதும் எழுந்துவிட வேண்டும் என்பதில்லை. வேகம் வந்தால் 500 வரை போங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் 1,500 எழுதினால் மனசில் சேர்ந்திருந்த காட்சிகள் எல்லாம் தீர்ந்துபோகும். மறுநாள் வெறும் கையோடு உட்காருவீர்கள். விட்ட நாளின் 300ஐ அடுத்த நாளில் சேர்த்து 600 ஆக்குவதும் கூடாது. கடன் மூன்று நாள் சேர்ந்தால் 1,200 ஆகும். அன்றைக்கு மேஜைப் பக்கமே போகமாட்டீர்கள். விட்ட நாளுக்கு நேரே 0 என்று எழுதி, பக்கத்தில் ஒரே வார்த்தையில் காரணம்: காய்ச்சல், ஆடிட், ஊர். அவ்வளவுதான். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

75 நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் முக்கியம். முதல் 12 நிமிடம் நேற்று எழுதிய கடைசி இரண்டு பக்கம் மட்டும், வாய்விட்டு. வீடு தூங்குகிறது என்றால் உதடு அசைந்தால் போதும். கையில் பென்சில் இருக்கட்டும். தட்டும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள், திருத்தாதீர்கள். திருத்த ஆரம்பித்தால் 12 நிமிடம் 50 ஆகும். அடுத்த 50 நிமிடம் எழுத்து. ஃபோன் வேறு அறையில். ‘அந்த வருடம் சிட்டம் நூல் என்ன விலை?’ என்று சந்தேகம் வந்தால் வரியில் மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். ஒரு நூல் விலையைத் தேடப் போய் ஒரு மணி நேரம் காணாமல் போவது சாதாரணமாக நடக்கும்; அந்த மூன்று கேள்விக்குறிகளை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம். பாதி கேள்விகளுக்கு அதற்குள் தேவையே இருக்காது, காட்சி மாறியிருக்கும்.

கடைசி 13 நிமிடத்தைத்தான் கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்பது ஹெமிங்வே அதே பேட்டியில் சொன்னது. பலரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் தெரிந்ததை எழுதி வைக்காவிட்டால் மறுநாள் காலை அது இருக்காது. பஸ் நெரிசலிலும் ஆபீஸ் சச்சரவிலும் கரைந்துபோயிருக்கும். எழுதி வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. ‘அடுத்து: அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை’ என்று எழுதினால் அது தலைப்பு, உள்ளே நுழைய வழி தராது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பெரியவர் தறிக்குழியில். எழுந்திருக்கவில்லை. நாடா போய் வருகிறது. மகன் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்று, சங்கத்தில் பணம் போட்டுவிட்டார்களா என்று கேட்கிறான். அவர் வாயைத் திறக்கும் முன் பாவில் ஓர் இழை அறுகிறது. முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில்.’

இதில் யார் எங்கே இருக்கிறார், கை என்ன செய்கிறது, காதில் என்ன விழுகிறது, அடுத்த வாய் யாருடையது என்ற நான்கும் இருக்கின்றன. மூன்று நாள் விட்டுத் திறந்தாலும் அடுத்த வரி வரும். சிலர் பாதி வாக்கியத்தில் நிறுத்தச் சொல்வார்கள். மறுநாளே உட்காருபவர்களுக்கு அது சரி. நாள் தவற வாய்ப்புள்ளவருக்குப் பாதி வாக்கியம் வெறும் புதிர்தான். காட்சியின் நடுவில் நிறுத்துங்கள், வாக்கியத்தை முடித்துவிட்டு. குறிப்பை எழுதி முடித்ததும் அன்றைய எண்ணிக்கையைப் பதிவேட்டில் போடுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், சொற்கள், அத்தியாயம். நான்கே கட்டம். ‘மனநிலை’ என்று ஐந்தாவது கட்டம் போடாதீர்கள். அதை நிரப்புவதே ஒரு வேலையாகிவிடும்.

முதல் அத்தியாயத்துக்கு வருவோம். அது ஏன் உங்களை இழுக்கிறது? நாவல் முழுவதும் ஒரே கோப்பில் இருக்கிறது, திறந்ததும் கண்ணில் படுவது அதுதான் என்பது பாதிக் காரணம். இன்றைக்கே அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிடுங்கள். எழுதி முடித்தவற்றை அச்செடுத்து ஒரு ஃபைலில் கோத்துவிட்டு, கணினியில் வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். மேஜையில் திறப்பது நடப்பு அத்தியாயம் ஒன்று மட்டுமே. மீதிக் காரணம் திருத்துவதில் உள்ள சுகம்: ஏற்கெனவே உள்ள வாக்கியத்தை மெருகேற்றும்போது வேலை செய்த திருப்தி கிடைக்கும், கதை ஓர் அடி நகராது. அப்படி மெருகேற்றிய முதல் அத்தியாயம் பிரதியைப் படிப்பவருக்கு உடனே தெரியும். முதல் 20 பக்கம் உவமையும் வர்ணனையுமாக ஜரிகை போட்டிருக்கும். 60ஆம் பக்கத்திலிருந்து வெறும் பேச்சும் நடப்பும். பிறகு எடிட்டிங்கில் அந்த ஜரிகையைத்தான் முதலில் பிரித்தெடுக்க வேண்டிவரும். முடிவு என்ன என்று தெரிந்த பிறகுதான் தொடக்கம் எங்கே என்று தெரியும். பல நாவல்களில் அது இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் இருக்கும்.

இப்போது நான்கு மாத இடைவெளியை எப்படிக் கடப்பது? முதல் வாரம் 300ஐ மறந்துவிடுங்கள். ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம் ஒதுக்கி, அச்செடுத்த 22,000 சொற்களையும் ஒரே அமர்வில் படியுங்கள், பேனா இல்லாமல். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் காட்சிக்கு ஒரு வரி என்று எழுதுங்கள்: எங்கே, யார், என்ன மாறியது. எதுவும் மாறாத காட்சிக்கு நேரே ஒரு புள்ளி. இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

அடுத்து பாத்திரப் பட்டியல். பெயர், பிறந்த ஆண்டு, கல்யாண ஆண்டு, இறந்தால் அந்த ஆண்டு. மூன்று தலைமுறைக் கதையில் வயது உதைப்பது சகஜம்: தாத்தாவின் பிறந்த ஆண்டை ஒரு அத்தியாயத்தில் மாற்றினால் அப்பா அவருக்கு 13 வயதில் பிறந்தவர் ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தப் பட்டியலோடு வேலை முடிந்தது. நமக்கு இன்னொரு பட்டியல் வேண்டும்: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், யாருக்கு ‘வாங்க’, யாருக்கு ‘வா’. ஒரு தாளில் கட்டம் போட்டு, இடது பக்கம் அழைப்பவர், மேலே அழைக்கப்படுபவர் என்று நிரப்புங்கள். 40ஆம் பக்கத்தில் ‘அப்பாரு’ என்று கூப்பிட்ட பேரன் 120ஆம் பக்கத்தில் ‘தாத்தா’ என்றால் உங்கள் ஊர் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். மருமகள் கணவனைச் சாதாரண நேரத்தில் ஒரு விதமாகவும் கோபத்தில் வேறு விதமாகவும் அழைப்பது கதையில் பெரிய திருப்பமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பு 15 இடத்தில் கவனக்குறைவாக இரண்டும் கலந்து வந்திருந்தால் அந்தத் திருப்பம் யாருக்கும் உறைக்காது. இடைவெளி விட்டு எழுதும் பிரதிகளில் அதிகம் தென்படும் பிழை இதுதான். இரண்டு வாரத்தில் நமக்கே காது மறந்துவிடுகிறது.

அந்த வாரத்தின் கடைசி நாளில் 100 சொற்கள் எழுதுங்கள். விட்ட இடத்திலிருந்துதான் என்றில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, இன்னும் எழுதாத ஏதாவது ஒரு காட்சியின் நடுவிலிருந்து. தறி விற்கும் நாள் மனசில் தெளிவாக இருக்கிறது என்றால் அதையே. நடுவில் உள்ள இடத்தைப் பிறகு நிரப்பலாம்.

இரவில் எழுதலாமா என்றால், ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவைச் சொல்லித்தான் பலர் கேட்பார்கள். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவு பத்தரை, பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதினார். 1912 செப்டம்பரில் ஒரு முழுக் கதையை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒரே இருப்பில் முடித்தார். உண்மைதான். ஆனால் அவர் ஆபீஸ் பிற்பகல் இரண்டரைக்குள் முடிந்துவிடும்; சாப்பிட்டுவிட்டு மாலைவரை தூங்குவார். உங்களுக்கு அந்தத் தூக்கம் கிடையாது. ஆறரைக்கு வீடு திரும்பி, பத்தரைக்கு உட்கார்ந்தால் 300 வரலாம். மறுநாள் ஆபீஸில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரியும். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தபடி ஒரு பதிப்பகத்தில் எடிட்டராக இருந்தவர். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன், இருட்டு விலகுவதற்குள் எழுத உட்காருவார். முதலில் வேறு வழியில்லாமல் தொடங்கியது, பிறகு அதுவே பிடித்துவிட்டது என்றார். உங்கள் நிலைமை அவருடையதுக்குத்தான் நெருக்கம். காலையிலேயே இருங்கள். இரவுக்கு வேறு வேலை இருக்கிறது: படுக்கும் முன் காலையில் எழுதிய குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு விளக்கை அணையுங்கள். படுக்கும்போதும் கண் விழிக்கும்போதும் பாத்திரங்கள் கூடவே இருக்க வேண்டும் என்று டிரோலப்பும் சொல்லியிருக்கிறார். கால் மணிக்கு 250 வந்ததன் சூட்சுமம் கடிகாரத்தில் இருந்ததைவிட இதில்தான் அதிகம் இருந்தது.

கையா, கணினியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒரே ஒரு சோதனை: விசைப்பலகையைப் பார்க்காமல் உங்களால் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா? முடிந்தால் கணினி. எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவர் என்றால் முதல் படியைக் கையால் எழுதுங்கள். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு, வலது பக்கம் மட்டும். இடது பக்கம் குறிப்புக்கும் சேர்க்கைக்கும். உங்கள் கையெழுத்தில் மூன்று பக்கத்தை எண்ணிச் சராசரி எடுத்தால் அப்புறம் தினமும் சொல் எண்ண வேண்டாம், பக்கக் கணக்கு போதும். சனிக்கிழமை அதைத் தட்டச்சு செய்யும்போது தானாகவே ஒரு திருத்தம் நடக்கும். குரல் தட்டச்சு உரையாடலுக்கு ஓரளவு உதவும்; ஒற்றும் நிறுத்தற்குறியும் தவறுவதால் மிச்சப்பட்ட நேரம் திருத்துவதில் போய்விடும். எதில் அடித்தாலும் யூனிகோடில் அடியுங்கள். வாரம் ஒருமுறை கோப்புகளை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், கோப்பின் பெயரில் தேதியோடு.

தோழிகளுக்கு அத்தியாயங்களை அனுப்ப வேண்டாம். தமிழில் தொடர்கதையாக வந்த பெரிய நாவல்கள் இருக்கின்றனவே என்பீர்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அச்சுக்கூடம் காத்திருந்தது, அந்தக் கெடுவே எழுத்தாளருக்கு வழக்கமாக இருந்தது. வார வாசகருக்காக எழுதும்போது அத்தியாய முடிவில் ஒரு கொக்கி, அடுத்த அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு நினைவூட்டல் என்று எழுத்தின் உடலே மாறும். கல்கி அதை வைத்து வித்தை காட்டத் தெரிந்தவர். உங்கள் கதைக்கு அது தேவைப்படாது. தவிர, ‘அந்தச் சித்தி பாத்திரம் பிரமாதம்’ என்று வாட்ஸ்ஆப்பில் நாலு பேர் சொன்னால் அடுத்த மூன்று அத்தியாயத்தில் சித்தி தேவையில்லாமல் வந்து போவார். ஒரு தோழியை மட்டும் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை இரவு அந்த வார எண்ணிக்கையை அனுப்புங்கள். 1,500 என்றால் 1,500. 0 என்றால் 0. பதிலுக்கு அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். எண் வராத சனிக்கிழமை மட்டும் ஃபோன் செய்யச் சொல்லுங்கள்.